போய் வருகிறேன்

விடைபெறும்போது “போகிறேன்” என்று சொல்லலாகாது. “போய் வருகிறேன்” என்றே சொல்லுதல் வேண்டும். தமிழர் இல்லங்களில் பேசப் பழகும் பருவத்திலேயே கற்பிக்கப்படும் வழக்கம் இது. இதே பாடத்தைக் கடல் கடந்து வந்து, வேறொரு மொழியில், இருபத்து மூன்றாம் வயதில் மீண்டும் கற்றாள் ஒருத்தி.

அவள் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவள். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள நாலந்தாவில், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டராக ஆறு மாதம் வாழ்ந்தாள். சிங்களக் குடும்பமொன்று அவளுக்குத் தன் வீட்டில் இடமளித்திருந்தது. முதல் நாட் காலையில் வகுப்புக்குப் புறப்பட்டபோது, அகராதியை நம்பி “மம யனவா” என்றாள். அடுப்படியில் நின்ற மூதாட்டி அகப்பையுடன் வாசலுக்கு விரைந்து வந்தார். அப்படிச் சொல்லக்கூடாதென்று தலையசைத்து, “கிஹின் என்னம்” என்று மும்முறை சொல்லிக் கொடுத்தார். ‘போய் வருகிறேன்’ என்பதே அதன் பொருள் என அறிந்தபோது, தன் தாயே எதிரில் நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவள் அவரை “அம்மே” என்றாள். அவர் அவளைத் “துவ”, அதாவது மகளே, என்றழைத்தார். மிளகு பறிக்கும் காலத்தில் பிள்ளைகளிற் பாதிப்பேர் வகுப்புக்கு வரவில்லை. தொலைவிலிருந்து வந்தவளின் உழைப்பு வீணாகிறதே என முதலில் வருந்தினாள். பின்னர் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே அமர்ந்து, காம்பிலிருந்து மிளகைப் பிரித்துக்கொண்டே பாடம் சொன்னாள். அன்று அவள் கற்பித்த ஆங்கிலச் சொற்களிலும் கற்றுக்கொண்ட சிங்களச் சொற்களே மிகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அவளைக் கெடிகே என்னும் கற்கட்டடத்துக்கு அழைத்துச் சென்றனர். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் அது, பல்லவர் பாணியில் அமைந்த பௌத்த ஆலயம். “எங்கள் ஊர்க் கோயில் போலிருக்கிறது” என்றாள் அவள். “இது எங்கள் விகாரை” என்றான் ஒரு சிறுவன். இருவர் கூற்றும் உண்மையே. 1970களில் போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980ஆம் ஆண்டளவில் உயர்ந்த இடத்தில் மீண்டும் அமைத்தனர்.

வீதியோரத் தேநீர்க் கடையில் மலையகத் தமிழ்ப் பெரியவர் ஒருவர் வேறொரு செய்தியைச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆளெடுத்தபோது, தமிழகத்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே மாண்டோர் பலர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவர்களுட் பலர் இங்கேயே பிறந்தவர்கள்.

அவளுக்குத் தேநீர் ஆறிப்போயிற்று. “கண்டிச்சீமைக்குப் போனவர்” என்று பாட்டி பெயரின்றிக் குறிப்பிடும் முன்னோர் ஒருவர் அவள் குடும்பத்திலும் உண்டு. அவரும் வாசலில் நின்று ‘போய் வருகிறேன்’ என்று சொல்லித்தானே புறப்பட்டிருப்பார்? தன் பைக்குள் கடவுச்சீட்டும் திரும்பிச் செல்லும் விமானச் சீட்டும் இருப்பதை எண்ணினாள். அந்தச் சீட்டு இருப்பதனாலன்றோ ஊரார் தன்னைத் தொண்டர் என்கின்றனர்! அதே வழியில் வந்து ஒரு மலைநாட்டையே தோட்டமாக்கியவர்க்குக் கிடைத்த பெயர் கூலி என்பது. அதன்பின் தன் தொண்டைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதங்களில் ‘தியாகம்’ என்ற சொல்லை அவள் எழுதவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. மூதாட்டி இடியாப்பத்தையும் தேங்காய்ச் சம்பலையும் வாழையிலையிற் பொதிந்து கொடுத்தார். பஸ் வந்து நின்றது. “கிஹின் என்னம், அம்மே” என்றாள். பழக்கத்தினால் வந்த சொல்தான். எனினும் அம்முறை அதன் பாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“கிஹின் என்ன, துவ” என்றார் மூதாட்டி. போய் வா, மகளே.

பஸ் மாத்தளையை நோக்கிச் சென்றது, முன்னோர் நடந்த வழியிலேயே.