திறந்த சத்திரமும் மூடிய கணவாயும்

நம் கடலோர ஊர்களில் சந்தியாகு என்ற பெயரைக் கேளாதவர் இலர். திருத்தூதரான பெரிய யாக்கோபை ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் சந்தியாகோ என்றழைத்தனர். அச்சொல்லே நம் முன்னோர் நாவில் சந்தியாகு என்றும் சந்தியாகப்பர் என்றும் நிலைபெற்றது. அப்புனிதரின் கல்லறை இருப்பதாக மக்கள் நம்பி வணங்கும் பேராலயம், ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நகரில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அங்கு நடந்து செல்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் மட்டும், நடந்து வந்ததற்கான சான்றிதழை அங்குப் பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

அங்குச் செல்லும் வழிகள் பல. அவற்றுள் பெயர்பெற்றது பிரெஞ்சு வழி. பிரான்சின் தென்கோடியில் பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள சான்-ழான்-பியே-தெ-போர் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நீண்டு செல்வது இது. முதுகில் ஒரு பை, கையில் ஒரு கோல் என்று முழுவதையும் நடந்து முடிக்க ஐந்து வாரங்கள் ஆகும்.

இவ்வழியில் நடப்போர் ஒவ்வொரு மாலையும் கேட்கும் கேள்விகள் இரண்டு. நாளைய வழி திறந்திருக்கிறதா? அவ்வழியின் முடிவில் தலைசாய்க்க இடமுண்டா? பக்தி எவ்வளவு ஆழமாயினும் இவ்விரு கேள்விகளைக் கேளாமல் எவரும் அங்கு நடக்க இயலாது. ஆகவே அவற்றைக் குறித்தே இங்கு எழுத விழைகிறோம்.

பழங்காலத்து வழிச் செய்தி

வழியின் நிலையை விசாரித்தறிவது இக்காலத்து வழக்கமன்று. 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கலிக்ஸ்தீனுஸ் சுவடியின் ஐந்தாம் பகுதி, திருப்பயணிகளுக்கென்றே அமைந்த கையேடு. எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எந்த ஆறு குதிரைக்கும் மனிதனுக்கும் நஞ்சு, எந்தத் துறையில் படகோட்டிகள் வழிப்போக்கரை ஏமாற்றிப் பணம் பறிப்பர் என்பனவெல்லாம் அதில் ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டுள்ளன. உலகின் பெருஞ்சத்திரங்கள் மூன்று என்று அது எண்ணிக் காட்டுகிறது. யெருசலேமில் ஒன்று, ஆல்ப்ஸ் மலையின் புனித பெர்னார்து கணவாயில் ஒன்று, பிரனீஸ் மலையின் சோம்போர்ட் கணவாயில் ஒன்று. மூன்றில் இரண்டு மலைக் கணவாய்களில் அமைந்திருந்தமை கருதத்தக்கது. ஆபத்து மிகுந்த இடத்திலேயே அடைக்கலமும் வேண்டும் என்பதை அக்காலத்தோர் நன்கறிந்திருந்தனர்.

மலைவழி மூடப்பட்டது

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் நாங்கள் நால்வர் சான்-ழான் வந்து சேர்ந்தோம். பம்ப்லோனா நகர்வரை நடப்பதே எங்கள் நோக்கம். எங்களுள் மூத்தவருக்கு அகவை அறுபத்தெட்டு. மறைந்த தம் துணைவியாரின் நினைவாக, நெப்போலியன் வழி எனப்படும் உயர்ந்த மலைவழியே கணவாயைக் கடப்பதாக நேர்ந்துகொண்டவர் அவர். அம்மையார் நோயுற்றிருந்த காலத்தில் இருவருமாக அம்மலையின் படங்களைப் பார்த்து மகிழ்ந்ததுண்டாம்.

ஊரின் பழைய தெருவில் திருப்பயணிகள் அலுவலகம் இருக்கிறது. ஊதியமின்றித் தொண்டு செய்யும் அன்பர்கள் அங்கு அமர்ந்து, வருவோர்க்கெல்லாம் அடையாள ஏட்டை அளித்து முத்திரை இடுகின்றனர். மறுநாளைய வானிலையையும், வழியையும், திறந்திருக்கும் விடுதிகளையும் எடுத்துக் கூறுகின்றனர். நாங்கள் சென்றபோது அங்கிருந்த அம்மையார் முதலில் சொன்ன செய்தி, மலைவழி மூடப்பட்டுவிட்டது என்பதே. ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அவ்வழியில் செல்லலாகாது என்பது ஸ்பெயினின் நவார்ரா மாநில அரசின் ஆணை. மீறுவோர் தண்டம் செலுத்த நேரும். மீட்க ஆள் அனுப்பினால் அச்செலவும் அவர்மேல் விழும்.

அன்றோ வானம் பளிங்குபோல் தெளிந்திருந்தது. மலைமுகட்டில் ஒரு துளி மேகமும் இல்லை. எங்களுள் இளையவர் மூத்தவரைப் பார்த்து, “ஐயா, இவ்வளவு வெயிலில் என்ன ஆபத்து? விடியுமுன் புறப்பட்டால் யார் அறியப் போகிறார்கள்?” என்றார். மூத்தவர் விடை கூறவில்லை. ஆனால் அவர் கண்கள் மலையையே நோக்கியிருந்தன.

அலுவலக அம்மையார் பொறுமையுடன் விளக்கினார். ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்திலுள்ள ஊரிலிருந்து சுமார் 1,430 மீட்டர் உயரமுள்ள லெப்போதர் கணவாய்க்கு ஒரே நாளில் ஏற வேண்டும். நடக்க வேண்டிய தொலைவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். முதல் எட்டுக் கிலோமீட்டரில் உள்ள ஓரிசோன் விடுதி குளிர்காலத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் வீடில்லை, கடையில்லை. கணவாய்க்குச் சற்று முன்னர் இசாந்தோரெ என்னும் சிறு அவசரக் குடில் ஒன்றுண்டு, அவ்வளவே. காலையில் வெயில் அடித்தாலும் பிற்பகலில் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் தெரியாதபடி மூடிக்கொள்ளும். மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். பனி விழுந்துவிட்டால் வழியையும் புல்வெளியையும் வேறுபடுத்திக் காண இயலாது. இவ்வாறு வழிதவறி மாண்டவர்களும் உண்டு. அவர்களைத் தேடி நள்ளிரவில் மலையேறுவோர் நவார்ராவின் தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்கும் வீட்டில் மனைவி மக்கள் உண்டல்லவா?

இக்கடைசிச் சொல்லைக் கேட்டபின் மூத்தவர் எழுந்தார். “தாழ்ந்த வழியே போவோம். நேர்ந்துகொண்டது நான், அதற்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை” என்றார். அச்சொற்கள் அவருக்கு எளிதாய் வரவில்லை என்பதை நாங்கள் கண்டோம்.

பள்ளத்தாக்கின் வழி

தாழ்ந்த வழி வல்கார்லோஸ் பள்ளத்தாக்கின் வழியே செல்கிறது. பெயர்தான் தாழ்ந்ததேயன்றி எளியதன்று. வல்கார்லோஸ் சிற்றூரைத் தாண்டியபின் இபஞேத்தா கணவாய்வரை ஏற்றம் விடாமல் தொடர்கிறது. அக்கணவாயின் உயரம் 1,057 மீட்டர். வழியின் ஒரு பகுதி தார்ச்சாலை ஓரமாகவே செல்வதால், வளைவுகளில் ஊர்திகளுக்கு அஞ்சி நடக்க வேண்டும். ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கி அணிவது நலம். சாலையை விட்டு மரங்களினூடே செல்லும் மண்வழிகளில் ஈர இலைகள் மூடிய கற்கள் வழுக்கும். வல்கார்லோசை விட்டால் உணவு வாங்கக் கடை கிடையாது.

நண்பகல் கழிந்து இபஞேத்தா வந்தடைந்தோம். அங்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. முற்காலத்தில் அவ்விடத்தில் ஒரு சத்திரம் இருந்தது. மூடுபனி இறங்கும்போதும் இருள் சூழும்போதும் அங்கிருந்தோர் மணியை ஒலித்துக்கொண்டே இருப்பராம். கண்ணுக்குத் தெரியாத வழியைக் காதால் கேட்டுப் பயணிகள் கரை சேர்ந்தனர். மூத்தவர் அவ்வாலயத்தின் அருகே தனியே நெடுநேரம் நின்று செபித்தார். அங்கிருந்து காட்டினூடே சிறிது இறங்கினால் ரோன்செஸ்வாயேஸ். மலைவழியும் பள்ளத்தாக்கு வழியும் வந்து கூடும் இடம் அதுவே. எவ்வழியே வந்தவனாயினும் அங்கு ஒரே கதவைத்தான் தட்டுகிறான்.

தலைசாய்க்க ஓர் இடம்

ரோன்செஸ்வாயேஸ் சத்திரம் 12-ஆம் நூற்றாண்டில் பம்ப்லோனா ஆயரால் தோற்றுவிக்கப்பட்டது. இன்று அங்குள்ள பெரிய விடுதியில் 183 படுக்கைகள் உள்ளன. ஆண்டு முழுவதும் பயணிகளை ஏற்கின்றனர். மாலைத் திருப்பலியின் முடிவில் திருப்பயணிகளுக்கெனத் தனி ஆசீர் வழங்கப்படுகிறது. வழியிலுள்ள பிற விடுதிகளுக்கும் பொதுவான ஒழுங்குகள் உண்டு. அடுக்குக் கட்டிலில் ஒருவருக்கு ஓர் இரவு மட்டுமே இடம். இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பர். காலையில் அனைவரும் புறப்பட்டுவிட வேண்டும். நோயுற்றவர் மட்டும் கூடுதலாகத் தங்கலாம். சில விடுதிகளை ஊராட்சியும், சிலவற்றைப் பங்குகளும் துறவியரும், சிலவற்றைத் தனியாரும் நடத்துகின்றனர். கிராஞோன் என்னும் ஊரில் பங்கு ஆலயத்தோடு ஒட்டிய விடுதியில் தரையில் பாய்விரித்துப் படுக்கின்றனர். இரவு உணவை அனைவரும் கூடிச் சமைத்து உண்கின்றனர். கட்டணம் என ஒன்றில்லை. இயன்றதைப் பெட்டியில் இடலாம். நடந்து வேளாங்கண்ணி செல்வோர்க்கு வழியோர ஊரார் மோரும் சோறும் அளித்து உபசரிப்பதைக் கண்ட நமக்கு இது புதிதாய்த் தோன்றாது.

ஆனால் குளிர்காலத்தில் நிலைமை வேறு. நவம்பர் முதல் உயிர்ப்புப் பெருவிழாவரை வழியிலுள்ள விடுதிகளுள் பல மூடப்படுகின்றன. ரோன்செஸ்வாயேசுக்கு அடுத்துத் தங்குவதற்கு ஏற்ற ஊர் சுபிரி; இடையே 20 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அவ்வூரை நோக்கி இறங்கும் சரிவில் பலகைப் பாறைகள் சாய்ந்து கிடக்கின்றன. மழை பெய்தால் கால் நிற்பதில்லை. அவ்வளவும் கடந்து சென்று கதவு பூட்டியிருக்கக் கண்டால் என்னாவது? ஆகவே முதல் நாளே தொலைபேசியில் விசாரித்துக்கொண்டோம். ஐந்தாம் நாள் பகலில் நலமுடன் பம்ப்லோனா அடைந்தோம்.

பிற தடைகள்

பிரெஞ்சு வழியில் பனிக்கு அஞ்ச வேண்டிய இடம் பிரனீஸ் மட்டுமன்று. லெயோன் மலைப்பகுதியில் இரும்புச் சிலுவை நாட்டப்பட்டுள்ள இடம் 1,504 மீட்டர் உயரம். கலீசியாவின் நுழைவாயிலாகிய ஓ செப்ரேய்ரோ ஏறக்குறைய 1,300 மீட்டர். இரண்டிடத்தும் குளிர்காலத்தில் வழி பனியில் புதைவதுண்டு. அந்நாள்களில் மண்வழியை விட்டுச் சாலையைப் பற்றிக்கொள்வதே அறிவுடைமை.

கோடையில் வேறோர் ஆபத்து. 2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் மேற்குப் பகுதியில் பெருங்காட்டுத்தீ மூண்டபோது, அஸ்தோர்காவுக்கும் பொன்ஃபெர்ராதாவுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் வழியை அதிகாரிகள் அடைத்தனர். 2020-இலோ கொரோனா நோயினால் வழி முழுவதுமே ஓய்ந்தது. மார்ச் மாதம் அடைபட்ட விடுதிகள் ஜூலையில்தான் மெல்லத் திறக்கத் தொடங்கின. நூற்றாண்டுகளாக நடையொலி ஓயாத வழியும் சில வேளைகளில் காத்திருக்க வேண்டியதாகிறது.

அங்குள்ள வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகளைப் பற்றியும் ஒரு சொல். ஓ செப்ரேய்ரோவின் பங்குத்தந்தையாயிருந்த எலியாஸ் வாலிஞா அடிகளார், ஆண்டுக்குச் சில நூறு பேரே நடந்துவந்த காலத்தில், மறைந்துகொண்டிருந்த பழைய வழியைத் தேடி ஆராய்ந்தார். 1984-இல் தம் கையாலேயே மஞ்சள் வண்ணம் கொண்டு மரங்களிலும் கற்களிலும் அம்புகளைத் தீட்டினார். 1989-இல் அவர் மறைந்தார். இன்று இலட்சக்கணக்கானோர் அக்குறிகளை நம்பியே அடியெடுத்து வைக்கின்றனர்.

செல்ல விரும்புவோர்க்கு

யாக்கோபின் திருநாளாகிய ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு அங்குப் புனித ஆண்டாகக் கொண்டாடப்படுகிறது. அவ்வகையில் 2027 புனித ஆண்டாகும். நம் மக்களுள்ளும் சிலர் செல்லக்கூடும். அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில.

மலைவழியைக் காண விரும்புவோர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களையே தேர்ந்துகொள்க. அம்மாதங்களிலும் திடீர்ப் பனியோ புயலோ வந்தால் வழி அடைக்கப்படலாம். ஆதலால் புறப்படுமுன் திருப்பயணிகள் அலுவலகத்தில் விசாரித்தே செல்க. புனித ஆண்டில் கூட்டம் பெருகும். விடுதிகளில் இடம் கிட்டாமற்போகலாம். பயணநாள்களை நெருக்கமாகத் திட்டமிடாது, இரண்டு மூன்று நாள்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்க. ஐரோப்பாவெங்கும் அவசர உதவிக்கான எண் 112; அதை இளைஞரேயன்றி முதியோரும் மனப்பாடம் செய்துகொள்க. பொதுவாக, சந்தியாகோ நகரை எட்டும் இறுதி 100 கிலோமீட்டரையேனும் நடந்தவர்க்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே இடையில் ஒரு பகுதி அடைபட்டுப் பேருந்தில் கடக்க நேர்ந்தால், அதனால் பயணமே வீணாயிற்று என வருந்த வேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. பனியில் மணியடித்தவனும், மரத்தில் அம்பு தீட்டியவரும், கணவாயை அடைத்து அறிவிப்புப் பலகை நாட்டியவனும் செய்தது ஒரே தொண்டுதான். முன்பின் அறியாத ஒருவன் உயிருடன் வீடு திரும்ப வேண்டுமென்று அவர்கள் விரும்பினர். அவ்விருப்பத்திற்குத் தலைவணங்குவதால் நம் நேர்ச்சை குறைவுபடுவதில்லை. விரும்பிய வழியை விட்டுக்கொடுத்து, பிறர்க்குச் சுமையாகாமல் நடப்பதும் ஒரு காணிக்கையே.