இறங்கும் இடம்

ஜூன், புதன் இரவு

விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வந்துவிட்டது. பிரிட்டனில் ஆளில்லா பலூன் விடுவதென்றால் ஒரு மாதம் முன்னாலேயே எழுதிப் போட வேண்டும். சனிக்கிழமை காலை கேம்பிரிட்ஜுக்கு மேற்கே பலூன் ஏறும் என்று விமானிகளுக்கும் அறிவிப்பு போய்விடும். இனி காற்றுதான் மனம் வைக்க வேண்டும்.

சாப்பிட்ட கையோடு கணிப்பு ஓட்டிப் பார்த்தேன். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதி, எல்லோருக்கும் இலவசமாக விட்டிருக்கும் நிரல் இது. ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் வேகம் மூன்றையும் கொடுத்தால், அமெரிக்க வானிலை மாதிரியின் காற்றுக் கணக்கை வைத்து வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டும். திங்களன்று அந்தக் கோடு வடகடலுக்குள் போய் முடிந்தது. இன்று சஃபோக்கில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் பக்கம்.

“எவ்வளவு உயரம் போச்சு?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஹீலியம் அடைத்தால் எதுவும் ஏறும். எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்வதில் இருக்கிறது வித்தை.

வெள்ளி

கருவியைக் கடைசியாக ஒருமுறை சோதித்தேன். வைசாலா ஆர்எஸ்41. வானிலைத் துறை அன்றாடம் மேலே அனுப்பும் அளவி. விழுந்ததை அவர்கள் தேடி வருவதில்லை. வேலியில் தொங்கியதை எடுத்து, உள்ளே இருந்த நிரலை அழித்து வேறு ஏற்றியிருக்கிறேன். நூறு கிராமுக்குச் சற்று மேல், உள்ளே இரண்டு லித்தியம் பேட்டரி. சாதாரண பேட்டரி மைனஸ் 50 டிகிரியில் படுத்துவிடும்.

ஜிபிஎஸ் சில்லைப் பறக்கும் முறையில் வைத்தாயிற்றா என்று இரண்டாம் தடவையும் பார்த்தேன். இந்தச் சில்லுகளை நடப்பவனுக்கும் காரோட்டிக்கும் என்று செய்கிறார்கள். சொல்லி வைக்காவிட்டால் 12 கிலோமீட்டருக்கு மேல் இடம் சொல்ல மறுத்துவிடும். வானத்தில் பாதி வழியில் ஊமையாகிப்போன பலூன்கள் பல உண்டு.

சனி

பலூன் புனேயில் செய்தது, 350 கிராம் லேட்டக்ஸ். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சீக்கிரம் கிழியும். பலூன் கழுத்தில் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கட்டி, அது ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் வரை ஹீலியத்தைத் திறந்தேன். வினாடிக்கு ஐந்து மீட்டர் ஏற அவ்வளவு போதும். கழுத்தை இரண்டாக மடித்துக் கேபிள் டை போட்டு இறுக்கி, கீழே பாராசூட்டையும் கருவியையும் கட்டினோம். அக்கா மகள் கையை விட்டதும், நிமிர்ந்து பார்ப்பதற்குள் புள்ளியாகிவிட்டது.

“அவ்வளவுதானா மாமா?”

அவ்வளவுதான். மீதி எல்லாம் காதுக்கு.

434 மெகாஹெர்ட்ஸில் பத்தே மில்லிவாட். டார்ச் லைட்டுக்குக்கூடக் காணாத சக்தி. ஆனால் நடுவே மறைக்க மலையோ கட்டடமோ கிடையாது. 26 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். மேலே போகப் போக நெதர்லாந்தில் முகம் தெரியாத யாரோ பிடித்து, பொது வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் காரில் ஆன்டெனாக் கம்பியை நிமிர்த்துவதற்குள் அவர் கணினிக்கு என் பேட்டரியின் வோல்டேஜ் தெரிந்திருந்தது.

கீழே மேல்காற்று, பலூன் கிழக்கே போனது. இருபது கிலோமீட்டரைத் தாண்டியதும் கோடு தயங்கி, வளைந்து, மேற்கே திரும்பியது. கோடையில் அந்த உயரத்தில் கொண்டல் வீசும். அதனால்தான் இந்த ஊர் பலூன்காரர்களுக்கு ஜூன், ஜூலை மேல் அவ்வளவு ஆசை. குளிர்காலத்தில் அடி முதல் நுனி வரை ஒரே திசை. பலூன் கடலில் போய்த்தான் நிற்கும்.

தரையில் ஒரு மீட்டர் அகலம் இருந்தது, மேலே நாலு மீட்டருக்கு ஊதி வெடித்தது. அங்கே பாராசூட்டுக்குப் பிடிக்கக் காற்றே கிடையாது. முதலில் கல் மாதிரிதான் விழும். காற்று அடர அடரத்தான் நிதானம் வரும். அதற்குள் நாங்கள் பரி செயின்ட் எட்மண்ட்ஸைத் தாண்டியிருந்தோம். அக்கா மகள் ஓட்ட, நான் மடியில் கணினி.

கடைசிச் சில நூறு மீட்டரில்தான் பதற்றம். மரமும் மேடும் மறைக்க, தூரத்து நிலையங்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. நெதர்லாந்துக்காரரை எப்போதோ இழந்தாயிற்று. எங்களுக்குக் கிடைத்த கடைசிச் செய்தியில் உயரம் 90 மீட்டர். யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெல்லச் சுழன்றேன். பார்லி வயல் பக்கம் திரும்பும்போதெல்லாம் இரைச்சலுக்குள்ளிருந்து குரல் எழுந்தது.

வயலுக்குள் சட்டென்று இறங்கக் கூடாது. பண்ணை வீட்டைத் தேடிக் கதவைத் தட்டினோம். கிழவர் சிரித்துவிட்டு, டிராக்டர் சக்கரம் போன தடத்தில் மட்டும் நடங்கள் என்றார்.

ஞாயிறு

பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். கணிப்பு சொன்ன இடத்துக்கு நாலு கிலோமீட்டர் கிழக்கே விழுந்திருக்கிறது. வெடித்த உயரம் ஏறக்குறைய சரி. இறங்கும் வேகம்தான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு: வழக்கமாக லேட்டக்ஸ் கந்தல் ஒரு கைப்பிடி கயிற்றில் தொங்கி, பாராசூட்டைக் கோணலாக்கி, வேகத்தைக் கூட்டும். இந்தத் தடவை சுத்தமாகச் சிதறிவிட்டது. மெதுவாக இறங்கியதால் மேல்காற்று கூடுதலாக இழுத்துப் போயிருக்கிறது. கந்தல் எவ்வளவு மிஞ்சும் என்று எந்த மாதிரியும் சொல்லாது.

அடுத்த விண்ணப்பத்தை இன்றே எழுத உட்கார்ந்தேன். ஆகஸ்டைத் தாண்டவிடக் கூடாது. செப்டம்பரில் மேலே கொண்டல் ஓய்ந்து மேல்காற்று திரும்பிவிடும்.