எத்தனை மணிக்கு மூடுவாங்க?

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு நாலு நாள் ஆகியிருக்காது, எங்கள் பிள்ளைச்சாவடியில் என் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். "ஐயா, அந்த தீம் பார்க் எத்தனை மணிக்குத் திறக்கறாங்க, எத்தனை மணிக்கு மூடுவாங்க, கொஞ்சம் செல்லில் பார்த்துச் சொல்லுங்களேன்." முப்பத்தைந்து வருஷம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் இப்படி ஒரு விசாரணைக் கவுண்டர் நடத்துகிற பாக்கியம். பார்த்துச் சொல்கிறேன். ஆனால் கேள்வி ஒன்றானாலும் பதில் ஒன்றல்ல என்பதை வருகிறவர்களுக்கு விளக்குவதற்குள் காபி ஆறிப்போகும்.

பொழுதுபோக்குப் பூங்கா எதுவானாலும் அதற்கு நாலு நேரங்கள் உண்டு. கேட் திறக்கும் நேரம், டிக்கெட் கொடுப்பதை நிறுத்தும் நேரம், தண்ணீரிலிருந்து எல்லாரையும் ஏற்றிவிடும் நேரம், கடைசியாக கேட்டை மூடும் நேரம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவதையும் நாலாவதையும்தான். குடும்பத்தோடு போகிறவனுக்குத் தேவையானவை நடுவில் உள்ள இரண்டும். எங்கள் ஆபீசிலும் இதே கதைதான். அலுவலகம் மாலை வரை திறந்திருக்கும், ஆனால் பணம் வாங்கும் கவுண்டர் மதியத்தோடு சரி. அப்போதுதான் கணக்கை முடித்து, பணத்தைக் கட்டிக் கருவூலத்துக்கு அனுப்ப முடியும். வெளியூரிலிருந்து வந்தவர் கம்பி வழியாகப் பார்த்து, "ஆபீஸ் திறந்துதானே இருக்கு?" என்று கேட்பார். திறந்துதான் இருக்கும், அவருக்குத்தான் மூடியிருக்கும்.

பூங்காக்காரர்களுக்கும் காரணங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. காலையில் ஆட்களை ஏற்றுமுன் ஒவ்வொரு ராட்டினத்தையும் காலி இருக்கையோடு சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். சங்கிலி, கொக்கி, பிரேக் எல்லாம் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அலைக்குளத்தில் காவலுக்கு நிற்பவனுக்குத் தண்ணீரின் அடித்தரை தெரிய வேண்டும். வெளிச்சம் மங்கினால் கீழே ஒரு பிள்ளை கிடப்பது தெரியாது. அதனால்தான் மற்ற விளையாட்டுகளுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்துகிறார்கள். பிறகு குளத்து நீரை வடிகட்ட வேண்டும், குளோரின் போட வேண்டும், வேலை செய்கிற பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நம்ம சுண்ணாம்பாறு படகுத் துறையிலும் இருட்டுமுன் படகை நிறுத்திவிடுவது இதே காரணத்தால்தான். மூடும் நேரம் என்பது முதலாளியின் பிடிவாதம் மட்டுமல்ல, பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

எனக்குப் புரியாதது வேறு. நம் ஊர்ப் பூங்காக்கள் பத்து, பத்தரைக்குத் திறந்து பொழுது சாயும்போது மூடுகின்றன. கத்திரி வெயிலில் எந்த நேரத்தில் தலை காட்டக்கூடாது என்று என் ஆயா சொல்லி வளர்த்தார்களோ, சரியாக அந்த நேரத்துக்குத்தான் டிக்கெட்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கோப்பன்ஹேகனில் உள்ள டிவோலி தோட்டம் 1843 ஆகஸ்ட் 15-ல் திறந்தது. இன்றும் நடக்கிறது. குளிர் தேசம் அது. அங்கே கோடைதான் மனிதன் வெளியே வரும் காலம். குளிர்காலத்தில் மூடி, வெயில் வந்ததும் திறந்து, இரவு வரை விளக்குப் போட்டு நடத்தினார்கள். அமெரிக்காவில் டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17-ல் திறந்தபோது வெயில் ஏறத்தாழ 38 டிகிரி. புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்ததாம். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களும் போதவில்லை. அவர்களுக்கு அது ஒருநாள் கூத்து, நமக்கோ அது சாதாரண சித்திரை மாதம். நம் நாட்டில் 1984-ல் டில்லி அப்பு கர், 1989-ல் பம்பாய் எஸ்செல் வேர்ல்டு, பிறகு 1990-களில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா என்று வரிசையாக வந்தன. கிஷ்கிந்தாவை அமைத்தவர், 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படம் எடுத்த நவோதயா அப்பச்சன். ராட்டினமும் சறுக்கலும் அந்த தேசங்களிலிருந்து வந்தபோது நேரப் பலகையும் கூடவே வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பாடப்புத்தகத்தில் 'எத்தே' என்றால் ஜூலை, ஆகஸ்ட். படத்தில் ஒரு குடும்பம் வெயில் காய்ந்துகொண்டு சிரிக்கும். வெயில் காய்வது ஒரு சந்தோஷமா என்று நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து யோசிப்போம். எங்கள் சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். பாரிஸில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. டிசம்பரில் ஐந்துக்கே இருட்டு. புதுச்சேரியிலோ ஜூனில் சுமார் ஆறே முக்கால், டிசம்பரில் சுமார் ஐந்தே முக்கால், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே 'கோடை நேரம்' என்று மூடும் நேரத்தை நீட்டினால் அது பகல் வெளிச்சத்தைத் தொடர்ந்து போவது. இங்கே நீட்டுவது பள்ளி விடுமுறைக் கூட்டத்தைத் தொடர்ந்து போவது. பெயர் ஒன்று, சங்கதி வேறு.

இதை நான் நேரில் அனுபவித்தது 2019 ஜூலையில். என் மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே பெரிய விடுமுறை அப்போதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது, சென்னைப் பக்கம் உள்ள ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனேன். பெயர் வேண்டாம். அவர்கள் இணையப் பக்கத்தில் இரவு எட்டு வரை என்று இருந்தது. போய் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்து, சாப்பாட்டை முடித்து, வெயில் தாழட்டும் என்று காத்திருந்து, அலைக்குளத்துக்குப் போனால் விசில் ஊதுகிறார்கள். ஐந்து மணிக்கே தண்ணீர் முடிந்தது. எட்டு மணி என்பது ஏப்ரல், மே மாதக் கணக்காம். ஜூலையிலும் அதை மாற்றாமல் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கிருந்த பையனிடம் கேட்டேன். "சம்மர் டைமிங் முடிஞ்சுபோச்சு சார்" என்றான். பாவம், அவன் என்ன செய்வான்.

ஒன்பது வயதுப் பேரன் என்னைப் பார்த்து, "தாத்தா, இப்போ எத்தே தானே?" என்றான்.

"உனக்கு எத்தே, எங்களுக்கு ஆடி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிள்ளை. அதற்கப்புறம் கொரோனா வந்தது, அடுத்த முறை அவன் வந்தபோது மீசை அரும்பியிருந்தது. அலைக்குளம் என்றால் சிரிக்கிற வயது. என் மாதிரித் தாத்தாக்கள் நம் புதுச்சேரியில் எத்தனையோ பேர். நமக்கு ஒரு சாயங்காலம் என்பது நாளைக்கு ஈடு செய்யக்கூடிய சாமான் அல்ல. நேரப் பலகையை ஒழுங்காக மாற்றி வைப்பது ஒரு குமாஸ்தா வேலைதான். அந்தச் சின்ன வேலையில்தான் ஒரு குடும்பத்தின் நாள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வெயிலோடு எப்படி வாழ்வது என்பது நமக்குத் தெரியாத விஷயமா? புதுச்சேரிக் கடைகள் பல இன்றும் மதியம் மூடி நாலு மணி வாக்கில் திறக்கின்றன. வெளியூர்க்காரர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள். நான் புத்திசாலித்தனம் என்பேன். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். வெயில் இல்லாத நேரம் பூராவும் மனிதனுக்கு! கேரளத்தில் வெயில் காலத்தில் வெளியில் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. 2024 மே மாதம் நம் ஊர் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டதை நாடே பார்த்துப் பாராட்டியது. சிக்னலில் ஒரு நிமிஷம் நிற்பவனுக்குப் பந்தல் வேண்டும் என்று தெரிந்த ஊரில், சறுக்கலுக்கு இரும்புப் படியில் அரைமணி நேரம் வரிசையில் நிற்கும் குழந்தைக்கு வேண்டாமா?

திருவிழாக்களைப் பாருங்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர் வைகாசியில், வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி வெள்ளியில். வடம் பிடிப்பது காலையில், வெயில் ஏறுமுன். ராட்டினமும் வளையல் கடையும் பொரிகடலையும் களைகட்டுவது விளக்கு வைத்த பிறகு. மூடும் நேரம் என்று ஒரு பலகை கிடையாது. பிள்ளை தூங்கிவிட்டால் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம், அதுதான் மூடும் நேரம். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் அந்த இரண்டு தேருக்கும் உண்டு, இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ஜூலை 13 ராத்திரி, பழைய பிரெஞ்சுப் படைவீரர்கள் விளக்கேந்தி ஊர்வலம் போவதும் இருட்டிய பிறகே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறைக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. பிள்ளைச்சாவடியில் எங்களுக்குக் கடற்கரை இருந்தது. டிக்கெட் இல்லை, கேட் இல்லை. மதியம் இரண்டு மணி வாக்கில் கடல் காற்று திரும்பும். அதன் பிறகு மணல் ஆறத் தொடங்கும், நாங்கள் இறங்கிவிடுவோம். கட்டுமரங்களை ஏற்றி வைத்தும், வலை காயப்போட்டும், சடுகுடு ஆடவும் இடம் மிச்சமிருக்கும். புதுச்சேரியில் துறைமுகத்துக்காக முகத்துவாரத்தில் கட்டிய கல் சுவர்கள் 1989 வாக்கில் முடிந்தன. வருஷத்தில் பெரும்பகுதி நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. முதலில் நகரத்துக் கடற்கரை போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அப்படியே ஊர் ஊராக வடக்கே வந்து எங்கள் வீட்டு வாசலையும் தொட்டது. வீடுகள் இடிந்தன, தென்னை சாய்ந்தது. கல் கொட்டித் தாருங்கள் என்று மீனவர்கள் சாலை மறியல் செய்தார்கள். நகரத்தில், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்த பிறகு, தலைமைச் செயலகம் பக்கம் மணல் மறுபடி சேர்ந்திருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்களுக்கு எப்போது என்று கேட்கவும் தோன்றுகிறது.

ஆகவே, என் திண்ணைக்கு வந்து "எத்தனை மணிக்கு மூடுவாங்க" என்று கேட்கிற மீனவர் வீட்டுப் பெண்ணுக்குப் பதில் சொல்லும்போது எனக்குள் ஒரு சங்கடம். அவள் அப்பா விளையாடியது காசில்லாத கடற்கரை. அவள் பிள்ளைகளுக்கு விளையாட, ஆளுக்கு ஒரு டிக்கெட்டும் அதற்கு ஒரு நேரப் பலகையும் தேவைப்படுகிறது. அந்தப் பலகையாவது உண்மை சொல்லட்டும்.

பூங்கா நடத்துகிறவர்கள் காதில் விழுந்தால் இரண்டு யோசனை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு முதல் பதினொன்று வரை ஒரு டிக்கெட், மாலை மூன்றரை முதல் இரவு ஒன்பது வரை இன்னொரு டிக்கெட் என்று பிரித்துப் பாருங்கள். நடுவில் உங்கள் ஆட்களுக்கும் ஓய்வு. தண்ணீருக்குள் நல்ல விளக்குப் போட முடியாவிட்டால், இருட்டியதும் தரை விளையாட்டு மட்டும் போதும். இரண்டாவது, நாலு நேரத்தையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

வாசக நண்பர்களுக்கு: பேரப்பிள்ளைகளோடு கிளம்புமுன் போன் செய்து, "தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், டிக்கெட் எத்தனை மணிக்கு நிற்கும்" என்று தனித்தனியாகக் கேளுங்கள். தண்ணீர் விளையாட்டை முதலில் முடித்துவிட்டு, உச்சி வெயிலில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நைலான் உடை இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்கள், வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் வாடகை மிச்சம். மோரும் உப்பும் உங்களுக்கு, தொப்பி பிள்ளைகளுக்கு. ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வருகிறவர்களை வீராம்பட்டினம் தேருக்கு அழைத்துப்போங்கள். அன்றைக்கு யாரும் விசில் ஊத மாட்டார்கள்.