இரண்டு மதிப்பெண்



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மாணவி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். வருசநாட்டுப் பக்கம் நான் வேலை பார்த்தபோது என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். இப்போது கனடாவின் வடக்கே, நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரான இக்காலுயிட்டில் நர்ஸ்.

ஊர்ப் பெயரைக் கேட்டால் புவியியல் டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? அட்லஸை எடுத்துவிட்டேன். தலைநகர் ஒட்டாவாவிலிருந்து அங்கே வான்வழித் தூரம் சுமார் 2,100 கிலோமீட்டர்.

"அடடே, நம்ம மதுரைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம்தானே!" என்றேன்.

"தூரம் அதேதான் டீச்சர். ஆனா டெல்லிக்கு ரயில் இருக்கு, ரோடு இருக்கு. இங்க ஒண்ணும் கிடையாது" என்றாள்.

நுனாவுட்டின் பரப்பு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் மொத்தமே 25 ஊர்கள். 2021 கணக்கெடுப்பில் மக்கள் 37,000 பேர்கூட இல்லை. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கச் சாலை கிடையாது. கடலில் பனி உருகும் சில மாதங்கள் மட்டும் சரக்குக் கப்பல் வரும். மற்றபடி எதற்கும் விமானம்தான். சின்ன ஊர்களின் கர்ப்பிணிகள் பலர் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி இக்காலுயிட்டுக்கு வந்து காத்திருக்கிறார்கள். சிக்கல் என்றால் அங்கிருந்து ஒட்டாவா.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"வானம் நல்லா இருந்தா மூணு மணி நேரம். பனிப்புயல் அடிச்சா எப்பன்னு சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இப்படி எழுதித்தான் டீச்சர் உங்ககிட்ட ரெண்டு மார்க் போச்சு."

எனக்கும் ஞாபகம் வந்தது. உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு எவ்வளவு தூரம், வரைபடத்தில் அளந்து எழுதுக என்று கேட்டிருந்தேன். அவள் எழுதியது: "இரண்டு பஸ். ஆற்றில் தண்ணீர் வந்தால் போக முடியாது." சிவப்பு மையால் அடித்தேன். அதோடு விட்டேனா? வகுப்பில் சத்தமாக வேறு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கு முந்தின வருடம் அவள் அம்மாவுக்கு வலி கண்ட ராத்திரி ஆற்றில் வெள்ளம். விடிந்து தண்ணீர் வடிந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை. இது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

"அந்த ரெண்டு மார்க்கை இப்பப் போடட்டுமா?" என்று கேட்டேன். "விடுங்க டீச்சர், பாஸ் ஆயிட்டேன்ல" என்று சிரித்தாள்.

என் பிள்ளைகளில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். விடை தப்பாக வந்தால், அடிப்பதற்கு முன் "ஏன் இப்படி எழுதினே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. வேறு யாரையும் இப்படிச் சிரிக்க வைத்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் புவியியல் டீச்சர்