கத்தியின் கருமை

கத்தியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று அன்பர்களிற் சிலர் நகைக்கக்கூடும். தோட்டமாயினும் பட்டணமாயினும் நம்மவர் இல்லங்களில் நாள்தோறும் கைபடும் கருவி அது. தேங்காய் உடைப்பதும், பலாப்பழம் பிளப்பதும், வேலியோரத்துச் செடியை வெட்டுவதும் அதனாலேயே நடைபெறுகின்றன. அதனைப் பேணும் முறையை ஆராய்வது வீண்காரியம் ஆகாது.

அண்மையில் நம் இல்லத்திற்குப் புதிய பாராங் கத்தி ஒன்று வந்து சேர்ந்தது. கிள்ளானில் ஒரு சாமான் கடையில் வாங்கியது. அலகு முழுவதும் அடுப்புக்கரி போன்ற கறுப்பு. வெட்டுவாயில் மட்டும் வெள்ளைக் கீற்று. இக்கறுப்பு துருவைத் தடுக்கும் என்றார் கடைக்காரர். அதிற் பொய்யில்லை. ஆயினும், நம் அன்னையார் அதனைக்கொண்டு முதன்முதல் தேங்காய் உடைத்தபோது, வெள்ளைப் பருப்பின்மேல் கடுகளவான கறுப்புத் துணுக்குகள் இரண்டு ஒட்டியிருக்கக் கண்டார். "இதைத் துருவிப் பேரப்பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன்" என்று சொல்லிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று முதல் வீட்டில் இரண்டு கட்சிகள். பூச்சை எடுத்துவிட வேண்டும் என்பது அன்னையார் கட்சி. எடுத்தால் ஒரே மழைக்காலத்தில் கத்தி துருவேறி அழியும் என்பது நம் தமையனார் கட்சி. அண்ணியாரோ, எவர்சில்வர் கத்தி வாங்கினால் இந்த வழக்கே இல்லை என்றார். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பார் உருக்கில் குரோமியத்தைக் கலந்து துருவேறா உருக்கை வார்த்தார். நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் சேர்ந்தால், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் ஒன்று தானாகவே அதன்மேல் உண்டாகிக் காக்கிறது. ஆயின் பலாவைப் பிளப்பதற்குப் பாராங்கின் கனம் வேண்டும். ஆகவே வழக்கு நம்மிடமே தீர்ப்புக்கு வந்தது.

முதலில் அக்கறுப்பு யாதென அறிய வேண்டியிருந்தது. உலையிலிருந்து எடுத்த இரும்பின்மேல் தானே படியும் கருமை ஒன்றுண்டு. கிராமத்துக் கொல்லர் லாரி வில்பட்டையைக் காய்ச்சி அடிக்கும் பாராங்குகளில் அதனைக் காணலாம். அது இரும்பின் சொந்த நிறம். வேறொன்று, தொழிற்சாலையில் கப்பற் பயணத்திற்காகவும் கடை அலமாரிக்காகவும் மேலே பூசப்பட்ட சாயம் அல்லது வார்னிஷ். நகச்சாயம் அழிக்கும் திராவகத்தைத் துணியில் நனைத்து அலகிற் தேய்த்தோம். (அத்திராவகம் எளிதில் தீப்பற்றுவது, சன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டே செய்யவேண்டும்.) துணி கறுத்தது. சுட்டு இறுக்கிய சாயங்கள் இதற்கு அசைவதில்லை எனினும், நம் கத்தியிற் கிடந்தது சாயமே என்பது விளங்கிவிட்டது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று உறையில் ஒரு சொல்லும் இல்லை.

இனித் தமையனார் வாதம். அதனை நாம் இலேசாகத் தள்ளவில்லை. இரும்பு துருவேற மழை பெய்ய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு வேகம்பிடிக்கும். நம் நாட்டிலோ விடியற்காலை ஈரம் 90 விழுக்காட்டைத் தொடுவது வழக்கம். சிவந்த துரு நொய்ம்மையானது. ஈரத்தைத் தன்னுள் தேக்கிவைத்து அடியிலுள்ள இரும்பையும் தின்னும். இவையெல்லாம் மெய். ஆனால் சாயம் காப்பது அது முழுமையாக இருக்கும் வரையிற்றான். ஒரு கீறல் விழுந்தால் ஈரம் அதன் வழியே புகுந்து, சாயத்தின் அடியில் ஊர்ந்து செல்லும். மேலே கறுப்பு மினுங்க, உள்ளே துரு பரவும். தேங்காய் ஓட்டில் மோதும் கத்திக்குக் கீறல் முதல் நாளே விழுகிறது. அன்றியும், காக்கப்படவேண்டிய இடம் வெட்டுவாய். அங்கே சாயமே இல்லை, சாணைபிடித்தபோதே போய்விட்டது. ஆகவே எடுத்துவிடுவதே தக்கது என்றோம். வேலி வெட்டுவதற்கு மட்டும் உரிய கத்தியாயிருந்தால் இத்துணைப் பாடு படாமல் அப்படியே விட்டிருப்போம்.

தீயிற் காட்டினால் சாயம் எரிந்துபோகுமே என்றார் அடுத்த வீட்டு அன்பர். இது செய்யத்தகாத காரியம். கத்தியைத் தணலிற் காய்ச்சித் தோய்த்தபின், ஏறக்குறைய 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை மீண்டும் சூடேற்றிப் பதம் கொடுத்திருப்பர். அடுப்புச் சுவாலை மெல்லிய வெட்டுவாயை நொடியில் அதற்கு மேலே கொண்டுபோகும். பதம் கெட்ட கத்தி ஈயம்போல் மடங்கும். எத்தனை முறை தீட்டினும் கூர் நில்லாது. திராவகமும் மெல்லிய உப்புத்தாளும் கொண்டு, முதுகுப்புறமிருந்து பிடித்து, ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்தோம். பின்பு சோப்பிட்டுக் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தடவினோம். தையல் இயந்திரத்து எண்ணெய் வேலிக்கத்திக்கு ஆகும். பலாச்சுளை தொடும் கத்திக்கு ஆகாது. பலாப்பாலுக்காக எப்படியும் தேங்காயெண்ணெய் தடவுகிற நம்மவருக்கு இதில் புதிய வேலை ஒன்றுமில்லை.

வெள்ளி போலிருந்த அலகு பத்து நாளில் அழகிழந்தது. வாழைக்காய் நறுக்கியதில் நீலங்கலந்த கறை படிந்தது. வாழைப்பூவினால் அது இன்னும் கறுத்தது. அக்காயிலுள்ள துவர்ப்பு இரும்போடு கூடிக் கருமையை உண்டாக்குகிறது. "திரும்பவும் கறுத்துவிட்டதே!" என்று தமையனார் சிரித்தார். "இது வாழைக்காய்க் கறையப்பா, சாயமில்லை" என்றார் அன்னையார். அக்கறை அலகிலே பற்றி நின்று துருவின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும். அடியோடு தடுக்காது, துடைப்பதும் எண்ணெயிடுவதும் ஓயவில்லை.

நிற்க. இதனைக் கண்ட தமையனார் மகன் பரணிலிருந்த வேறொரு கத்தியைக் கொண்டுவந்தான். அவன் பாட்டனாருடைய பால்வெட்டுக் கத்தி அது. ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நடும்வரை, நம் தந்தையார் இருள் பிரியுமுன் எழுந்து நாளொன்றுக்கு 500 மரங்கள் வரை அதனால் வெட்டினார். ஒரு மில்லிமீட்டரைச் சற்றே கடந்த கனத்தில் பட்டை சீவவேண்டும்; ஆழம் மிகுந்தால் மரம் புண்படும், கங்காணியார் ஏசுவார். நாள்தோறும் கல்லிற் தீட்டித் தீட்டி அலகு தேய்ந்து குறுகிவிட்டது. மீதியெல்லாம் கருமை, கைப்பிடியண்டை மட்டும் சிவந்த புள்ளிகள்.

"சித்தப்பா, புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைச் செம்புபோல் மின்னவைத்துச் சுவரில் மாட்டிவிடுகிறேன்" என்றான். பையனுக்கு ஆசை, குறைகூற இயலாது. ஆயினும் நாம் இசையவில்லை. புளியின் காடி துருவையும் தின்னும், நல்ல கருமையையும் தின்னும், விட்டுவைத்தால் இரும்பையும் தின்னும். பித்தளைக்கு ஏற்றது இதற்கு ஏலாது. இக்கருமை கடையிற் பூசி வந்ததன்று. ஈரமும் எண்ணெயும் மனிதர் கையும் பல்லாண்டு கூடிப் படிந்தது. அருங்காட்சியகங்களிற் பழைய இரும்பைப் பேணுவோரும் இத்தகைய உறுதியான கருமையை அகற்றுவதில்லை. சிவந்த புள்ளிகளோ நோய்; அவற்றை விட்டுவைத்தால் அலகே மிஞ்சாது. எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புநாரால் அவற்றை மட்டும் எடு என்றோம். பையன் முகம் சுருங்கிற்று. ஆனாலும் மூன்று மாலைப்பொழுது குனிந்திருந்து செய்து முடித்தான். மரக் கைப்பிடியில் தந்தையாரின் பெருவிரல் பட்டுத் தேய்ந்த சிறு பள்ளம் ஒன்றுண்டு. அங்கே எண்ணெய்கூடத் தடவவேண்டாம் என்று அன்னையார் சொல்லிவிட்டார்.