ஐம்பது ரூபாய்க்குப் பேய்

2024-ல நம்ம தீபாவளி, கொல்கத்தாக்காரங்க காளி பூஜை, ஹாலோவீன் மூணும் ஒரே நாள், அக்டோபர் 31. முந்தின ராத்திரி எங்க அபார்ட்மெண்ட் பசங்க கிளப்ஹவுஸை இருட்டாக்கிப் பேய் வீடு போட்டாங்க. டிக்கெட் 50 ரூபாய். வசூல் மொத்தமும் இங்கே வீட்டு வேலை செய்யறவங்க பிள்ளைகளோட ஸ்கூல் புத்தகத்துக்கு.

அப்பா தவறி எட்டு மாசம். அதனால எங்களுக்கு அந்த வருஷம் பண்டிகை கிடையாது. பட்டாசு இல்லைன்னு முகம் வாடிக் கிடந்த ஆறு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போனேன். தங்கமணி நைசா நழுவிட்டாங்க. சொந்த செலவில் சூனியம்னா இதுதான்!

உள்ளே கறுப்புத் துணி, ஸ்பீக்கர்ல ஓலம், முகத்துல உரசற ஈர நூல். பெட்ஷீட் போர்த்தின ஏழாவது மாடிப் பையன் குதிச்சதும் அலறினது நான்தான். என் பையன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

லிஃப்ட்ல கேட்டான்: "அப்பா, தாத்தாவும் இப்படித்தான் ஆயிட்டாரா?"

எனக்குப் பேச்சே வரலை.

எதிர்வீட்டு வங்காளிப் பாட்டி வாசல்ல அகல் ஏத்திட்டிருந்தாங்க. அன்னிக்கு அவங்களுக்கு பூத் சதுர்த்தசி. பதினாலு தலைமுறை முன்னோருக்குப் பதினாலு விளக்கு. பையன் கேட்டதை ஹிந்தியில சொன்னேன்.

"பயமுறுத்த வர்றதில்லை, நம்மளைப் பார்க்க வர்றாங்க. வழி தெரிய வேண்டாமா?"ன்னு கடைசி அகலை அவன் கையாலேயே ஏத்த வச்சாங்க.

"தாத்தாவுக்குக் கொல்கத்தா வர வழி தெரியுமாப்பா?"

"தெரியும்டா. ஹவுரா மெயில்ல ரெண்டு தடவை வந்திருக்காரே."