பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

போன மாசம் வழக்கமான உளுந்தை விட்டுட்டு, தள்ளுபடிக் கடையோட சொந்த பிராண்ட் பாக்கெட்டை எடுத்தேன். அம்மாகிட்ட மூச்சு விடல. மறுநாள் கிரைண்டரைத் திறந்தவங்க, "உளுந்து நல்லா பொங்கியிருக்குடா" என்றார்கள். அப்புறம்தான் பில்லைக் காட்டினேன்.

விளம்பரச் செலவு இல்லை, இடையில் ஆள் குறைவு. அதான் விலை குறையுது. இப்படிக் குறைஞ்ச விலைக்கு மளிகை வாங்குறது நமக்குப் புதுசுமில்லை. நியாய விலைக்கு மளிகை விற்க 1904-லேயே சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிட்டாங்க. இன்றைய டியுசிஎஸ் அதுதான்.

எல்லாத்தையும் மாத்தணும்னு இல்லை. பெருங்காயமும் காபித்தூளும் எங்க வீட்டில் பழைய பிராண்டுதான். பருப்பு, ரவை, சர்க்கரை, உப்புக்கு மட்டும் பெயரைப் பார்க்காதீங்க. கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலைன்னு பாக்கெட்டிலேயே அச்சடிச்சிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்க.